அரிவாள் ஒன்று, ஆள் இரண்டு

அன்புள்ள சார்,

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் மக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சந்தேகம். புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 1979லேயே வந்துவிட்டது. இவர்களும் கை நீட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு விருப்பப்பட்டுத்தானே போகிறார்கள்? அநியாயம் நடந்தால் புகார் கொடுக்கலாமே?

ரா., சேலம்

அன்புள்ள ரா.,

சட்டம் இருந்தது, சரி. ஆனால் அது மாநில எல்லையைத் தாண்டிப் போகிறவர்களுக்கான சட்டம். பீடிலிருந்து கோலாப்பூருக்கோ சாங்லிக்கோ வெட்டப் போகிற குடும்பம் மகாராஷ்டிரத்தை விட்டு வெளியே போவதே இல்லை, ஆகவே அதற்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் கர்நாடகத்துப் பெலகாவிக்குப் போனால் அவருக்குப் பொருந்தியது. இரண்டு குடும்பமும் ஆறு மாதம் கிடப்பது வயலோரக் கூடாரத்தில்தான்.

விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறீர்கள். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அது கட்டாய உழைப்பு, வறுமை தள்ளிக்கொண்டு வந்தாலும் அது நிர்ப்பந்தமே.

புகார் யார் மேல் கொடுப்பது? சர்க்கரை ஆலையைக் கேட்டால் முகாதமைக் கைகாட்டும். முகாதம் என்றால் நம்மூர் மேஸ்திரி மாதிரி. முன்பணம் தருபவர் அவர், கணக்கும் அவர் நோட்டில். சீசன் முடிந்தும் கடன் கழியாவிட்டால் அடுத்த சீசனும் அவரிடமே.

அங்கே ஆளை எண்ணுவதில்லை, 'கொய்தா' எண்ணுகிறார்கள். கொய்தா என்றால் அரிவாள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்தா. வெட்டின கரும்பைக் கட்டுக் கட்டி, தலையில் சுமந்து, பலகை வழியாக லாரியில் ஏற்றுவது பெரும்பாலும் அவள்தான்; டன் கணக்குக் கூலி போவது கணவன் கைக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976ல் சட்டம் போட்டோம், இவளுக்குத் தனியாக ஊதியம் என்று ஒன்று இருந்தால்தானே ஒப்பிட?

ஒரு நாள் போகவில்லை என்றால் அபராதம், மாதவிடாய் நாளானாலும். 2019ல் மாநில அரசுக் குழு 82 ஆயிரம் பெண்களை விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை எடுத்திருந்தார்கள். அபராத பயம் மட்டுமே காரணமில்லை, காசுக்குக் கத்தி வைத்த மருத்துவர்களும் உண்டு.

நீங்கள் சொல்லும் 1979 சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. குறைந்தது ஐந்து தொழிலாளர் இருந்தால் சட்டம் பொருந்தும் என்றிருந்த வரம்பு பத்தாகிவிட்டது, இடம்பெயர்வுப் படி என்று கிடைத்துவந்த அரை மாதக் கூலி போய்விட்டது. மாநில எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.