ஹோம் கேர் ஏஜென்சி நல்லதா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? கோயமுத்தூர்ல அப்பாவுக்காகத் தேடறேன்

எங்களுக்குக் கோபி பக்கம்ங்க. எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, மூக்குல டியூப், யூரினுக்கு டியூப், அப்படியே டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிப்போட்டாங்க. நான் திருப்பூர்ல பனியன் சோலி, வீட்டுல அவங்க டீச்சர், ஏஜென்சிய விட்டா வேற வழியில்ல. ஒண்ணரை வருசத்துல ரெண்டு ஏஜென்சி பாத்தாச்சு, பேரெல்லாம் வேண்டாமுங்க.

மொத ஏஜென்சி ஆபீசப் பாத்தா அசந்துருவீங்க. நர்ஸ் அனுப்பறோம்னு சொல்லி நர்ஸ் ரேட்டே வாங்குனாங்க. வந்த பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா நர்ஸ் இல்லீங்க, கேர்டேக்கர். அம்மாவப் படுக்க வெச்சபடியே டியூப்ல கஞ்சிய ஊத்துது, ஒறம்பரையா வந்த எங்கக்கா பாத்துட்டுக் கத்துன பொறவுதான் எங்களுக்கே விசயம் தெரிஞ்சுது. தலைப்பக்கத்த 30லிருந்து 45 டிகிரி தூக்கி வெச்சு ஊத்தணும், ஊத்தி முடிச்சும் அரை மணி நேரமாச்சும் அப்படியே இருக்கணும், இல்லீனா நுரையீரலுக்குப் போயி நிமோனியா வந்துரும்.

அதனால ஆபீஸ்காரங்க கிட்டப் பேசறத விட, வரப்போற ஆள் கிட்டப் பேசுங்க. டியூப்ல எப்படி ஊத்துவீங்க, எத்தன மணிக்கொருக்கா திருப்பிப் படுக்க வெப்பீங்கன்னு கேளுங்க. ரெண்டு மணி நேரத்துக்கொருக்கான்னு பதில் டக்குனு வரணும், முழிச்சாங்கன்னா படுக்கைப் புண்ணுல போயி நிக்கும். நர்ஸ்னு சொன்னா ஏஎன்எம் 2 வருசம், ஜிஎன்எம் 3 வருசம், பிஎஸ்சி 4 வருசப் படிப்பு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு நம்பர் இருக்கும், அதக் கேட்டு வாங்கிருங்க. போலீஸ் வெரிபிகேசன் பண்ணியாச்சுன்னு வாய்ல சொன்னாப் பத்தாது, பேப்பரக் காட்டச் சொல்லுங்க, இல்லீனா தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே வீட்டு வேலையாளுக்குன்னு நாமளே அப்ளை பண்ணலாம்.

ஆனா இதெல்லாம் சரியா இருந்தாலும் பத்தாதுங்க, அதே மொத ஏஜென்சில இன்னொண்ணுலயும் மாட்டுனோம். மாரியம்மன் நோம்பிக்குன்னு ஊருக்குப் போன பொண்ணு திரும்பி வரல. போன் பண்ணா "நாளைக்கு அனுப்பிடறோம் சார், நோம்பி சீசனுங்க"ன்னு நாலு நாள் ஓட்டுனாங்க, நான் மிசினை நிறுத்திப்போட்டு அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஏஜென்சிக்குக் காசு குடுக்கறதே அந்த நாலு நாளுக்குத்தானுங்க, மத்த நாளுக்கு ஆள் நாமளே ஊருக்குள்ள தேடிக்கலாமே! அந்தப் பொண்ணு ஏன் ஓடுச்சுன்னும் பொறவுதான் தெரிஞ்சுது, நான் குடுத்த 24,000ல அது கைக்குப் போனது 13,000, அதுவும் ஒரு மாசச் சம்பளத்தப் புடிச்சு வெச்சிருந்தாங்க. கைக்கு எவ்வளவு கண்ணு வருதுன்னு வர்ற ஆள் கிட்டயே கேட்டுருங்க.

ரெண்டாவது ஏஜென்சி ஈரோட்டுல மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன ரூம், பாத்தா நம்பிக்கையே வராது. அந்தம்மா பழைய ஸ்டாப் நர்ஸ், ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களே வந்து கட்டில், பாத்ரூம், மருந்துச்சீட்டு எல்லாம் பாத்தாங்க. ரெகுலரா வர்ற அக்காவோட, மாத்தாள் ஒருத்தரையும் ஒரு நாள் முன்கூட்டியே கூட்டிட்டு வந்து அம்மாவப் பழக வெச்சாங்க. மாசம் ஒருக்கா சொல்லாம கொள்ளாம வந்து குதிங்கால், இடுப்பெலும்பெல்லாம் திருப்பிப் பாத்துட்டு, நோட்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. நான் ஏஜென்சிய எடை போடறது இப்ப இத வெச்சுத்தான், மாத்தாள் யாருன்னு மொத நாளே காட்டுவாங்களா, மேல இருந்து பாக்க யாரு வருவாங்க.

பிசியோவுக்குத் தனி பில்லுன்னு சொன்னா, மொதல்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்திக் கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச திட்டம், வீட்டுக்கே வந்து பண்றாங்க, காசில்ல.

உங்கப்பாவுக்கு டியூப் கீது இருக்கா, எந்திரிச்சு நடப்பாரான்னு நீங்க சொல்லவே இல்லியே. டியூப் இல்லாம நடக்கறவருன்னா பெரும்பாலும் நர்ஸ் வேண்டியிருக்காதுங்க, ராத்திரி பாத்ரூம் போறப்ப கூடப் போக ஒரு நைட் ஷிப்ட் கேர்டேக்கர் போதும்.