பயிற்சிக்கு முந்திய நாட்கள்

கேள்வி: என் மகனுக்கு மலேசியத் தரைப்படையில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் போர்ட்டிக்சன் போகிறான். பயிற்சி தொடங்கும் முன் என்ன நடக்கும்? எதைக் கொடுத்தனுப்புவது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வாழ்த்துகள் அம்மா. போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படைப் பயிற்சி மையமான புசாஸ்டாவில் அடிப்படைப் பயிற்சி 6 மாதம். அதற்கு முன் பதிவு, உடல் பரிசோதனை, முடிவெட்டு, கொடுக்கும் உடுப்பைப் பெற்றுக்கொள்ளுதல் என்று வரிசை வரிசையாக நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் பத்திரங்களைப் பாருங்கள். அடையாள கார்டு, பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடியிருந்தாலும் இப்போதே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்க் கேளுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் வேலை முடியாது.

போதைப்பொருள் உண்டா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும். சில இருமல் மருந்துகளில் கோடீன் என்ற அபின் வகைப் பொருள் உண்டு, அது பரிசோதனையில் தெரியும். மருந்து சாப்பிட்டிருந்தால் மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லட்டும், சீட்டையும் காட்டட்டும்.

பூட்ஸ் கொடுக்கும்போது வெட்கப்பட வேண்டாம். தடித்த காலுறையோடு போட்டு, எழுந்து நின்று பார்க்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், நடக்கும்போது குதிகால் பூட்ஸுக்குள் மேலே எழும்பக்கூடாது. எழும்பினால் உரசும், வியர்வையில் ஊறிய தோல் கொப்பளிக்கும். அளவு சரியில்லை என்றால் அங்கேயே மாற்றிக் கேட்கட்டும்.

நகை, விலையுயர்ந்த போன் வேண்டாம். இன்றிலிருந்தே விடியற்காலை எழுந்து 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகட்டும், தோட்டத்துச் செம்மண் பாதையே போதும்.