ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது?

ஐயா, வணக்கம். என் மகன் செந்தூலில் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் மலாய்ப் பாடத்தில் போலவே சுக்கு காத்தா (மலாயில் அசை) பிரித்து வாசிக்கிறான். ‘வெ-ஜெ-டா-பள்’ என்கிறான். டியூஷன் ஆசிரியர் தப்பு என்கிறார், எப்படிப் பிரிப்பது என்று சொல்வதில்லை.
– வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் மேல் குறையே இல்லை. மலாயில் ஃபோ-தோ-கிரா-ஃபி என்று நான்கு அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொன்னால் போதும், எழுதியபடி வாசிக்கிற மொழி அது. ஆங்கிலத்தில் ஓர் அசையைத் தூக்கிப் பிடித்து மற்றதையெல்லாம் விழுங்குவார்கள், விழுங்கிய அசையின் உயிரொலி தேய்ந்து மங்கலான ஒரு ‘அ’ ஆகிவிடும், சில சமயம் அசையே காணாமல் போகும். வெஜிடபிளுக்கு எழுத்தில் நான்கு துண்டு, பேச்சில் மூன்றுதான்: வெஜ்-ட-பிள்.

அழுத்தம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபொடாகிரஃபியில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. அதனால் சொல்லின் வாலை முதலில் பார்க்கப் பழக்குங்கள். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில் அழுத்தம் விழும்: இன்ஃபர்மேஷனில் ‘மே’, எகனாமிக்கில் ‘னா’, யுனிவர்சிட்டியில் ‘வர்’. அராபிக் மாதிரி ஒன்றிரண்டு அடங்காது, அவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், பொருள் பார்த்துப் பிரிப்பது வேறு வேலை. வெண்பாவுக்கு அலகிடும்போது ஒரு மாதிரி வெட்டுகிறோம், பகுபதத்தில் பகுதி விகுதி பிரிக்கும்போது வேறு மாதிரி வெட்டுகிறோம் அல்லவா, அதேதான். ஹெலிகாப்டர் வாய்க்கு ஹெ-லி-காப்-டர். ஆனால் அதன் கிரேக்க உறுப்புகள் சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’வும் சிறகைக் குறிக்கும் ‘ப்டெர்’ரும், ஆக வெட்டு ‘ப்’புக்கு முன்னால் விழுகிறது. வாசிக்க அசை உதவும், எழுத்துப்பிழை வராமலிருக்க உறுப்பு உதவும். அன்ஃபார்ச்சுனேட்லியை அன் + ஃபார்ச்சுனேட் + லி என்று பார்க்கிற பிள்ளை ‘லி’க்கு முன்னாலிருக்கும் ‘ஈ’ (e) எழுத்தை விடவே மாட்டான்.

சில அகராதிகளில் தலைச்சொல்லுக்குள் புள்ளி வைத்திருப்பார்கள். அது வரிக் கடைசியில் சொல்லை உடைக்க வேண்டியிருந்தால் எங்கே உடைக்கலாம் என்பதற்கு, அதை வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உச்சரிப்புக் குறிப்பு இருக்கும், அதில் மேலே சின்னதாக ஒரு கோடு நிற்கும், இப்போதைய அகராதிகளில் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தத்துக்குரியது. வாசிக்கும்போது அந்த ஓர் அசைக்கு மட்டும் மேசையைத் தட்டச் சொல்லுங்கள், சுக்கு காத்தா வேகம் தானாகக் குறையும்.