அலாஸ்காவின் ‘சிக்கன்’ என்ற ஊர்ப்பெயருக்குக் கோழிப்பண்ணை காரணமா?

கோழிப்பண்ணை காரணமன்று, நீங்கள் கேட்ட ‘சிக்கன்’ என்ற அலாஸ்கா ஊரின் பெயருக்குப் பின்னால் இருப்பது டார்மிகன் (ptarmigan) என்னும் காட்டுப்பறவை என்பதே பரவலான விளக்கம்.

குளிர்காலத்தில் வெண்மையாகி, கால்விரல்வரை இறகு போர்த்திருக்கும் இப்பறவை, தங்கம் தேடி வந்தவர்களுக்கு உணவாயிற்று. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலின் முதலெழுத்தான ‘பி’ ஒலிப்பதே இல்லை என்பதால், எப்படி எழுதுவது என்பதில் உடன்பாடு எட்டாமல் ஊருக்குச் ‘சிக்கன்’ என்ற எளிய பெயரைச் சூட்டிவிட்டார்களாம்.

வரைபடத்தில் அருகிலுள்ள ஓடைகளையும் பாருங்கள். ‘சிக்கன்’ என்றே ஓர் ஓடை அங்கு உண்டு. சுரங்கக் குடியிருப்புகள் பலவும் ஓடையின் பெயரையே ஏற்றவை என்பதால், ஓடைக்கு அப்பெயர் முன்பே இருந்ததா என்று பழைய வரைபடங்களில் சரிபார்ப்பது நல்லது.

எழுத்துக்கூட்டல் கதை சுவையானதுதான், ஆயினும் செவிவழிச் செய்தி. கட்டுரையில் சேர்ப்பதானால் ‘கூறப்படுகிறது’ என்றே எழுதுங்கள்.