சிஎஸ்எஸ்ஸிலிருந்து என்ன கசியும்?

கேள்வி: எங்கள் இணையதளத்தின் சிஎஸ்எஸ் விதிமுறைகளைத் தனியுரிமைக் கோணத்தில் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நிறம், எழுத்துரு, இடைவெளி தவிர அதில் என்ன இருக்கிறது? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பக்கத்தில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டோடு சேர்ந்தும், அதில் ஒரு வரிகூட இல்லாமலும், சிஎஸ்எஸ் மூலம் தகவல் வெளியே போகும். ஒவ்வொரு விதியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். பயனரைப் பற்றிய ஏதாவது ஒன்றைப் பார்த்து இந்த விதி மாறுகிறதா? மாறியது வேறு யாருக்காவது தெரியவருமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது.

நாம் ஏற்கெனவே திறந்த இணைப்பை வேறு நிறத்தில் காட்டும் 'விசிட்டட்' வசதியையே பாருங்கள். ஒரு தளம் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பக்கத்தில் ஒளித்துவைத்து, எது நிறம் மாறியது என்று ஸ்கிரிப்ட் மூலம் படித்தால், நீங்கள் போய்வந்த தளங்களின் பட்டியல் அதற்குக் கிடைத்துவிடும். 2002இலேயே ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் பிழைப் பதிவேட்டில் ஏறிய சிக்கல் இது. 2010இல் மொசில்லாவின் டேவிட் பேரன் ஒரு தீர்வை முன்வைத்தார்: நிறங்களை மட்டும் மாற்றலாம், ஸ்கிரிப்ட் கேட்டால் 'பார்க்காத இணைப்பு' என்றே உலாவி பதில் சொல்லும். மற்ற உலாவிகளும் இதே வழிக்கு வந்தன. அப்படியும் திரையை வரைய ஆகும் நேரத்தை அளந்து கண்டுபிடிக்கும் உத்திகள் முளைத்தன. 2025இல் குரோம் 136 பதிப்பு, எந்தத் தளத்திலிருந்து சொடுக்கினீர்களோ அந்தத் தளத்தில் மட்டும் நிறம் மாறும்படி செய்தது. ஒரு சின்ன நிற மாற்றத்தைச் சரிசெய்ய இத்தனை ஆண்டுகள்! புதிய வசதியைத் தொடக்கத்திலேயே கேள்வி கேட்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உங்கள் குழு முதலில் தேட வேண்டியது நிபந்தனையோடு சேர்ந்து வரும் யூஆர்எல்களை. பக்கத்தில் ஒளிந்திருக்கும் ரகசிய எண்ணான டோக்கனைக் குறித்து, 'டோக்கன் 7இல் தொடங்கினால் இந்தப் பின்னணிப் படத்தை இறக்கு' என்று அட்ரிபியூட் செலக்டரில் (ஒரு உறுப்பின் மதிப்பைப் பார்த்து வேலைசெய்யும் சிஎஸ்எஸ் நிபந்தனை) எழுத முடியும். பத்து இலக்கத்துக்கும் பத்து விதி எழுதினால், தன் சர்வரிலிருந்து எந்தப் படம் இறங்கியது என்பதை வைத்து, விதி எழுதியவருக்கு முதல் இலக்கம் தெரிந்துவிடும். அப்புறம் அடுத்தது. ஆகவே பயனர்கள் தாங்களே சிஎஸ்எஸ் எழுத இடம் கொடுக்கும் பக்கம் இருந்தால், அதை முதலில் பாருங்கள். உங்கள் தளம் உலாவிக்கு அனுப்பும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையில் (சிஎஸ்பி) ஸ்டைல், படம், எழுத்துரு மூன்றும் எந்த டொமைன்களிலிருந்து வரலாம் என்று வரையறுத்துவிடுங்கள்.

பயனரின் திரையையும் விருப்பங்களையும் பார்த்து மாறும் மீடியா குவெரி விதிகளும் இப்படித்தான். திரை அகலம், டார்க் மோட், அசைவைக் குறைக்கும் விருப்பம் எல்லாம் சேர்ந்தால் ஒருவரின் சாதனத்தைக் கைரேகைபோல் அடையாளம் காண உதவும். அதற்காக அவற்றைத் தடைசெய்துவிடாதீர்கள். அசைவைப் பார்த்தால் தலைசுற்றுபவர்களுக்கு அந்த வசதி அவசியம். அவற்றுக்குள் வெளி டொமைனின் கோப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுத்துருக்களை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். வெளியிலிருந்து இறக்கினால் பயனரின் ஐபி முகவரி அங்கே போகும். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் இதே காரணத்துக்காக ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது.

இன்னும் வரைவு நிலையில் இருக்கும் சிஎஸ்எஸ் வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதன் விவரக்குறிப்பில் தனியுரிமைப் பகுதியைப் படியுங்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கென்றே ஒரு சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாள் வைத்திருக்கிறது. இந்த வசதி என்ன தகவலை, எதற்காக வெளிப்படுத்துகிறது என்பதுதான் அதன் முதல் கேள்வி.

சரி, இன்றே செய்யக்கூடியது: உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்து, டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் டேபைத் திறந்துவைத்து, சாளரத்தின் அகலத்தையும் டார்க் மோடையும் மாற்றிப் பாருங்கள். வேறு டொமைனுக்குப் புதிதாக ஒரு ரிக்வெஸ்ட் போனால், அதை அனுப்பிய விதியிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.