முடியும் நேரம் எங்கே?

அன்புள்ள ஐயா,

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிம்போசியம், கிளப் கூட்டம், கல்ச்சுரல்ஸ் வழியாக மாணவர்கள் ஒருவரோடொருவர் பழக ஒரு ஆப் செய்கிறோம், மூன்று பேர். ஸ்வைப், சாட், பாயிண்ட்ஸ் எல்லாம் உண்டு. அடுத்த வருடம் தமிழ்நாட்டின் எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டுபோக ஆசை. முகப்புத் திரையில் எதைக் காட்டலாம்? ஆப் எழுத எந்தக் கருவி நல்லது, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கல்லூரிப் போஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓடும் ஒரு விஷயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

ஃப்ளட்டரோ மற்றதோ, யாருக்கு எது கைவருகிறதோ அதில் எழுதுங்கள். எல்லாக் கல்லூரிகள் என்ற பேச்சு இப்போது வேண்டாம். ஃபேஸ்புக்கே 2004இல் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது.

உங்கள் கடிதத்தில் டே ஸ்காலர், அதாவது தினமும் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர், என்ற சொல்லே இல்லை. இது எனக்கு வருத்தம், கொஞ்சம் கோபமும்தான். போஸ்டரில் '3.30 முதல்' என்று இருக்கும், எப்போது முடியும் என்று இருக்காது. காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பிவிடும். பொள்ளாச்சிப் பெண் அதை விட்டால் உக்கடம் போய் பஸ் மாற வேண்டும், அதற்குமுன் வீட்டில் கேட்க வேண்டும். முடியும் நேரம் தெரியாமல் வீட்டில் என்னவென்று கேட்பாள்? வராமல் இருந்துவிடுகிறாள். அவளுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்டி நீங்கள் பாயிண்ட்ஸ் கொடுத்து இழுக்கப் பார்க்கிறீர்கள்!

நிகழ்ச்சியைப் பதிவேற்றும் ஃபார்மில் முடியும் நேரத்தைக் கட்டாயமாக்குங்கள். நிரப்பாமல் வெளியிட முடியக்கூடாது. ஓ.டி. (ஆன் டியூட்டி, நிகழ்ச்சிக்காக வகுப்பை விட்டாலும் வருகை தருவது) உண்டா இல்லையா என்பதும் அப்படியே, வருகைப்பதிவுக்குப் பயந்து வராதவர்கள் ஏராளம். இடத்துக்கு 'செமினார் ஹால்' என்றால் போதாது. பிளாக், மாடி, அறை எண் மூன்றும் வேண்டும்.

அடுத்தது பஸ் ரூட். பதிவு செய்யும்போது ரூட் எண்ணையோ ஹாஸ்டல் பிளாக்கையோ வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிப் பக்கத்தில் 'உங்கள் ரூட்டில் 4 பேர் வருகிறார்கள்' என்று காட்டுங்கள். தனியாகத் திரும்ப வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவள் வருவாள், அந்த நாலு பேரோடு பேச்சும் தானாக வரும். ஸ்வைப் தேவைப்படாது. மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். ஒருவர் என்று காட்டினால் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பூஜ்யம் என்று காட்டினால் வர நினைத்தவரும் வரமாட்டார். பெயர் இரு பக்கமும் சம்மதித்த பிறகுதான்.

நோட்டிஃபிகேஷன் அனுமதியை ஆப் திறந்ததும் கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் கேட்டே ஆக வேண்டும், இரண்டு முறை மறுத்துவிட்டால் அனுமதி கேட்கும் பெட்டி மறுபடி வராது. 'வருகிறேன்' என்று தட்டிய பிறகு, 'அறை மாறினால் சொல்லவா?' என்று கேளுங்கள், கொடுப்பார்கள். லாகினும் அப்போது போதும். பார்ப்பதற்கு லாகின் எதற்கு?

முகப்பு கேட்டிருந்தீர்கள். அவரவர் பஸ் கிளம்புமுன் முடிகிற இன்றைய நிகழ்ச்சிகள் மேலே, மற்றவை கீழே.

சாட்டுக்காக ஃபோன் நம்பர் வாங்குகிறீர்கள் போலிருக்கிறது. முதலாம் ஆண்டில் பலருக்கு வயது 17தான். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 நிரம்பாதவர் குழந்தை, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அதை வாங்க உங்களிடம் வழி இருக்கிறதா? கல்லூரி நிர்வாகத்திடம் பேசி அது முடிவாகும்வரை முதலாம் ஆண்டினரைப் பதிவு செய்யாதீர்கள், பார்க்க மட்டும் விடுங்கள். நம்பர் கேட்கும் கட்டத்தை எல்லோருக்குமே இந்த வாரம் எடுத்துவிடுங்கள்.