சலூனில் பிஎஸ்ஏ முகாம் போடலாமா? புராஸ்டேட் கேள்வி பதில்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அது சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்ப்பதுதான் பிஎஸ்ஏ பரிசோதனை. அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கொண்டு சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: எல்லா ஆண்களுக்கும் வரும் நோய்தானே டாக்டர், இவர்களுக்கு மட்டும் ஏன் தனி முயற்சி?

அமெரிக்காவில் எட்டு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. கறுப்பினத்தவரில் ஆறில் ஒருவருக்கு. அவர்களிடையே இறப்பு விகிதம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில், எல்லோருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடைக்கும்போது, இந்த இடைவெளி பெருமளவு குறைந்துவிடுகிறது.

கேள்வி: கூப்பிட்டாலும் வருவதில்லையே. அலட்சியம்தானே?

அலட்சியம் என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் தரவில்லை. அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டதே 1997இல்தான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் டஸ்கீகியைக் காட்டுவது மருத்துவத் தரப்பில் இருக்கும் எங்களுக்கு வசதியாகிவிட்டது. இன்றைக்கு இன்சூரன்ஸ் இல்லாததும், அரை நாள் கூலி போவதும், டாக்டர் பேச்சையே எடுக்காததும் அதே அளவுக்குத் தடை.

கேள்வி: எங்கள் ஊர் சலூனில் ரத்தம் எடுக்கும் முகாம் நடத்த நினைக்கிறோம். சரியா?

இடம் சரி. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 52 கறுப்பினச் சலூன்களில் ரத்த அழுத்தத்துக்கு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்து எழுதிக் கொடுத்த இடங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி குறைந்தது. முடிதிருத்துபவர் வெறுமனே அறிவுரை சொன்ன இடங்களில் சுமார் 9தான். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது, சிகிச்சையும் கடைக்குள்ளேயே வந்தது என்பதுதான்.

பிஎஸ்ஏ விஷயம் இன்னும் சிக்கல். ரத்தம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். அப்புறம்? அளவு கூடுதலாக வந்தால் யார் போன் செய்வார்? எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கும் யார் நாள் வாங்கித் தருவார்? இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு யார் பணம் கட்டுவார்? இவற்றுக்குப் பெயரும் போன் நம்பரும் கையில் இல்லையென்றால் முகாமைத் தள்ளிப் போடுங்கள். பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் அடுத்த முறை யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

கேள்வி: ஆசனவாய் வழியாக டாக்டர் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் பயந்தே ஓடுகிறார்கள்.

அது இல்லாமலே தொடங்கலாம், ரத்தப் பரிசோதனை போதும். அழைப்பிதழிலேயே இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: 2012இல் பிஎஸ்ஏ வேண்டாம் என்றார்களே?

ஆமாம், எந்தப் பரிசோதனை தேவை என்று பரிந்துரைக்கும் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு அப்படிச் சொன்னது. மெதுவாக வளரும் கட்டிகளுக்கும் அறுவை சிகிச்சை நடந்து, பலர் சிறுநீர்க் கசிவோடும் விறைப்புக் குறைவோடும் அவதிப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அந்த முடிவுக்கு அடிப்படையான ஆய்வுகளில் கறுப்பின ஆண்கள் மிகக் குறைவு. 2018இல் குழு இறங்கி வந்து, 55 முதல் 69 வயதினர் டாக்டருடன் பேசி முடிவு செய்யலாம் என்றது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கறுப்பின ஆண்களிடம் அந்தப் பேச்சை 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. இன்று ஆபத்து குறைந்த கட்டி என்றால் கத்தி வைக்காமல் கண்காணித்தே வரலாம். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும்” என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: பிரபலங்கள் பேசினால் பலன் உண்டா?

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கறுப்பினத்தவர் லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதிபரிடம்கூடச் சொல்லாமல் இருந்தார். விஷயம் வெடித்த பிறகுதான் வெளிப்படையாகப் பேசினார். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவருக்கே வாய் வரவில்லை பாருங்கள். என்னைக் கேட்டால், தேவாலயத்தில் பக்கத்து வரிசையில் உட்காரும், நோயிலிருந்து மீண்ட ஒருவர் பேசுவது இதைவிட மேல். அவருடைய மனைவியும் பேசினால் இன்னும் நல்லது. பல வீடுகளில் டாக்டரிடம் நாள் வாங்குவது அவர்கள்தான்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழன், வயது 46. எனக்கும் இது பொருந்துமா?

அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ 65 வயதுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால் உங்களுக்கும் 45தான் கணக்கு. இல்லையென்றால் 50 வயதில் டாக்டரிடம் பேச்சை எடுங்கள்.